கரையும் கழியும் – 11: மல்லையின் மேற்குக் கரை

சென்ற பகுதியில் பல்லவர்கள் பாறையைக் குடைந்த வரலாற்றைப் பார்த்தோம். அந்தப் பாறைகளைச் சுற்றி வாழ்ந்த பட்டினத்தைப் புரிந்துகொள்ள, மல்லை எனப்படும் மாமல்லபுரத்தில் மட்டும் நின்றால் போதாது. வடக்கே நெம்மேலிக்கு வரவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்குத் தெற்கே இருக்கிறது இந்த ஊர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கோவளம் முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி. இரண்டுக்கும் நடுவே, நடந்தே கடந்துவிடக்கூடிய மணல்மேடு. இந்த மணல்மேடுதான் சூளேரிக்காட்டுக்குப்பம், பட்டிபுலம், சாளுவன்குப்பம், தேவனேரி என்று குப்பம் குப்பமாகத் தெற்கே நீண்டு மாமல்லபுரத்தில் கற்பாறைகளைச் சந்திக்கிறது. ஆகவே மாமல்லபுரமும் நெம்மேலியைப் போல இரண்டு நீர்களுக்கு இடையில் அமைந்த ஊர்தான். கடற்கரைக் கோயிலைப் பார்க்கவரும் பல்லாயிரம் பேர் கிழக்கு நோக்கி நிற்கிறார்கள். மேற்கே திரும்பி, பூஞ்சேரிப் பக்கம் கிடக்கும் நீரைப் பார்ப்பவர்கள் குறைவு. வரலாறு எழுதியவர்களும் பெரும்பாலும் கிழக்கையே பார்த்தார்கள். மல்லை பட்டினமானதில் கடலுக்கு இருக்கும் பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு கழிக்கு உண்டு என்பதை நிறுவுவதே இந்தப் பகுதியின் நோக்கம்.

முதலில் கரையின் இயல்பைப் பார்ப்போம். சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்கத்தக்க குடாக்கள் இல்லை. கரையோரம் ஆழம் குறைவு, அலை உடைவது அதிகம். கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும்; சரக்கும் மனிதரும் சிறு படகில் கரையேறவேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அதுவும் முடியாது. 1746 அக்டோபரில், சென்னையைக் கைப்பற்றிய சில வாரங்களிலேயே பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் இதே கரையில் புயலில் சிக்கி நொறுங்கின. இப்படிப்பட்ட கரையில் பழங்காலத் துறைகள் எங்கே அமைந்தன? அரிக்கமேடு அரியாங்குப்பம் ஆற்றுக் கழியோரத்தில் இருக்கிறது. எயிற்பட்டினம் என்று பலரும் கருதும் மரக்காணத்துக்குப் பக்கத்தில் கழுவேலி. புகார் காவிரியின் வாயில். வசவசமுத்திரம் பாலாற்றின் வாயில். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை கட்டிய பழவேற்காடு, பெரும் உப்பு ஏரியின் கரையில். திறந்த கடலை மட்டும் நம்பி எழுந்த பழைய பட்டினம் இந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை.

இங்கே சென்னையை எடுத்துக்காட்டி ஒருவர் மறுக்கலாம். 1639க்குப் பிறகு எழுந்த அந்த நகரத்துக்குக் கழித்துறைமுகம் கிடையாதே, அலைகளைத் தாண்டிக் கரையேற்றும் மசூலாப் படகுகளை நம்பியே வளரவில்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சென்னையை நிறுத்திவைத்தது ஒரு கம்பெனியின் கோட்டையும் படையும் மூலதனமும். அந்தச் சென்னைகூட விறகுக்கும் உப்புக்கும் கழியைத் தேடிப் போனது. 1806இல் எண்ணூர்வரை வெட்டப்பட்ட கால்வாய் அதற்குச் சான்று. அதுவே பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1876–78 பஞ்சகாலத்தில் நிவாரண வேலையாக அடையாறும் கூவமும் இணைக்கப்பட்டபோது, ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. இயற்கை தராத பின்புற நீர்வழியைச் சென்னை காசு கொடுத்து வெட்டிக்கொண்டது. மல்லைக்கு அது பிறக்கும்போதே இருந்தது.

இனி இலக்கியச் சான்று. காஞ்சியில் ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்று என்னும் துறையைக் காட்டுகிறார். மேற்கிலிருந்து வெண்ணிறப் பிடரிமயிர்க் குதிரைகளும் வடக்கிலிருந்து பிற பொருள்களும் கொண்டுவந்த கலங்கள் அங்கே சூழ்ந்து நிற்கின்றன. பரதவர் வாழும் தெருக்கள், காவலர் காக்கும் பண்டகசாலைகள், ஏணி சாத்தி ஏறும் உயர்ந்த மாடத்தில் இரவில் எரியும் விளக்கு என்று அந்த ஊர் நம் கண்முன் எழுகிறது. இது மாமல்லபுரமே என்பார் ஒரு சாரார்; வசவசமுத்திரம் என்பார் மறுசாரார். வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் பகுதியின் மதுச்சாடி ஓடுகளும் ரௌலட்டட் வகை ஓடுகளும் உறைகிணறுகளும் செங்கல் தொட்டிகளும் கிடைத்ததால் இரண்டாம் தரப்பு வலுப்பெற்றது. இந்த வழக்கில் இரண்டு ஊர்களையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்துப் பேசுவதே தவறு என்பது என் கருத்து. மல்லைக்கும் பாலாற்று முகத்துக்கும் நடுவே எடையூர், சதுரங்கப்பட்டினம் கழிகள் கிடக்கின்றன. ஆற்றுவாய் மண்ணால் தூர்ந்தால் துறை கழியோரமாக வடக்கே நகரும். மீண்டும் திறந்தால் தெற்கே போகும். கோவளத்திலிருந்து பாலாறுவரை உள்ள நீளத்தை ஒரே துறைமுக வட்டாரமாகப் பார்த்தால், நீர்ப்பெயற்று எந்த ஊர் என்ற சண்டைக்கே தேவை குறைந்துவிடும்.

பல்லவர் காலத்தில் இந்த வட்டாரத்தின் மையம் மல்லை என்பதில் ஐயமில்லை. திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது செல்வமும் யானைகளும் மணிகளும் ஏற்றிய கலங்கள் பாரம் தாங்காமல் தாழ்ந்து நிற்பதைச் சொல்கிறார். கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு, காஞ்சியையே தென்னாட்டின் கடல்வாயில் என்றும், அங்கிருந்து சிங்களத்துக்கு மூன்று நாள் கடற்பயணம் என்றும் கூறுகிறது. நாடிழந்து வந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்கு நரசிம்மன் என்ற பல்லவ அரசன் படைகொடுத்து அனுப்பியதை இலங்கையின் மகாவம்சம் பதிவு செய்திருக்கிறது. பல்லவ அரசன் இராஜசிம்மன் 720இல் சீனப் பேரரசுக்குத் தூது அனுப்பியதைச் சீனப் பதிவுகள் சொல்கின்றன. இவற்றுள் காஞ்சியைக் கடல்வாயில் என்றதுதான் சிந்திக்கவேண்டிய செய்தி. காஞ்சி கடலிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நகரத்துக்கும் துறைக்கும் நடுவே போக்குவரத்து தடையில்லாமல் நடந்திருந்தால்தான் அயல்நாட்டவர் ஒருவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். அந்தப் போக்குவரத்து வண்டித்தடத்திலும் பாலாற்றுப் பள்ளத்தாக்கிலும் நடந்திருக்கும். எப்படி வந்தாலும் அது மல்லைக்குள் நுழையும் வழி மேற்கிலிருந்துதான், கழியைக் கடந்துதான். இராஜசிம்மன் தன் குலத்தின் நீண்ட வம்சாவளியைத் தூணில் வெட்டிவைத்த வயலூர் பாலாற்று முகத்தருகே இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆற்றுவாயை ஓர் அரசன் எவ்வளவு முக்கியமாகக் கருதினான் என்பதற்கு அந்தத் தூண் சாட்சி.

மேற்குக் கரையில் மனிதர்கள் விட்டுச்சென்ற தடயமும் உண்டு. மாமல்லபுரத்தின் மேற்கு விளிம்பில் இன்றைய கால்வாயை ஒட்டி வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் நிற்கின்றன. பார்வையாளர் கூட்டம் அங்கே போவதில்லை. கழிக்கு அப்பால் பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஊரார் சொல்லும் பாறையில், பல்லவர் காலத் தொழிலாளரின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பையமிழிப்பான், திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன். அரசர்கள் தங்கள் விருதுப்பெயர்களைக் கோயில்களில் நிரப்பிவைத்த ஊரில், கல்லை உடைத்தவர்களின் பெயர் கிடைப்பது இந்த ஒரு பாறையில்தான். இந்தத் தொடரில் வேறெந்தச் சான்றைவிடவும் இதையே நான் மேலாக மதிக்கிறேன். பட்டினத்தின் உழைக்கும் மக்கள் எங்கே இருந்தார்கள் என்பதை இது காட்டுகிறது. பெருந்தச்சனும் கொல்லனும் ஒரே பாறையில் இருக்கிறார்கள். உளி மழுங்கினால் உடனே தீட்டித்தரக் கொல்லுலை பக்கத்திலேயே வேண்டும். உலைக்குக் கரி, கருவிக்கு இரும்பு, ஆட்களுக்கு நெல், சாரத்துக்கு மரம், இவை எதுவும் மணல்மேட்டில் விளைவதில்லை. அத்தனையும் உள்நாட்டிலிருந்து வந்தாகவேண்டும். சிற்பக் கூடத்துக்குக் கழியின் மேற்குக் கரை பொருந்திய இடம். திருவொற்றியூரிலிருந்து ஒருவர் வந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. கரையோரம் நெடுகத் தொழிலாளர் இடம்பெயர்ந்த காலம் அது.

கழி ஆழமற்றது, முழங்கால் நீரில் கப்பல் எப்படி வரும் என்பது வழக்கமான ஆட்சேபம். பெருங்கலங்கள் கழிக்குள் வந்தன என்று வாதிடவேண்டிய தேவையே இல்லை. பட்டினத்துக்குக் கடல் வாசல் என்றால் கழி கொல்லைப்புறம். சமையலும் சேமிப்பும் நடப்பது கொல்லையில்தான். தட்டையான அடி கொண்ட தோணிக்கு முழங்கால் நீர் போதும். பக்கிங்காம் கால்வாய் இதை நிரூபித்தது. சென்னைக்குத் தெற்கே மரக்காணம்வரை நீண்ட அந்தக் கால்வாயைப் பொறியாளர்கள் புதிய நிலத்தில் வெட்டவில்லை. ஏற்கெனவே கிடந்த கழிகளை ஒன்றோடொன்று கோத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில், தாங்கள் ‘ஏழு கோயில்கள்’ என்று அழைத்த மாமல்லபுரத்தைக் காண வந்த ஐரோப்பியர் பலர், சென்னையில் மாலையில் படகேறி, கால்வாயில் இரவைக் கழித்து, காலையில் மாமல்லபுரத்தின் மேற்குப் பக்கம் இறங்கினார்கள். கடலோரம் இருந்த ஊருக்கு வசதியான வழி கழிவழிதான் என்பதை அன்றைய பயண வழிகாட்டி நூல்களே எழுதிவைத்தன. உப்பளங்களின் உப்பும் சவுக்கு விறகும் அதே வழியில் நகரத்துக்குப் போயின. 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர் கண்ட நீர்வழியைக் கரையிலேயே பிறந்து வளர்ந்த பல்லவ காலத் தோணிக்காரர் காணாமலா இருந்திருப்பார்?

இரண்டாவது ஆட்சேபம் கடலடியிலிருந்து எழுகிறது. துறைமுகமும் நகரமும் கடலுக்குள் மூழ்கிவிட்டன, ஆகவே மேற்கில் தேடுவது வீண் என்பார்கள். இந்த நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. வில்லியம் சேம்பர்ஸ் 1788இல் வெளியிட்ட கட்டுரையில், செம்புத் தகடு வேய்ந்த கோபுர உச்சிகள் கடலுக்குள் காலை வெயிலில் மின்னியதை முதியவர்கள் நினைவுகூர்ந்ததாக எழுதினார். ராபர்ட் சதே 1810இல் அதைக் காவியத்துக்குள் கொண்டுபோனார். 2002இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் பிரித்தானியக் குழுவோடு சேர்ந்து மூழ்கி ஆராய்ந்து, கடற்கரைக் கோயிலுக்கு எதிரே நீருக்கடியில் கட்டுமான எச்சங்களைக் கண்டது. 2004 சுனாமிக்குப் பின் ஆர்வம் பெருகியது. சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டு தந்த குறிப்பைத் தொடர்ந்து 2005இல் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறை தோண்டியபோது, மணலுக்குள் புதைந்த முருகன் கோயில் வெளிப்பட்டது. பல்லவர் காலக் கட்டடத்தின் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில் இருந்தது. இவை அத்தனையும் மதிக்கத்தக்க கண்டுபிடிப்புகள். ஆனால் இவை நிறுவுவது என்ன? கடல் ஊரை அரித்திருக்கிறது, அலையும் மணலும் கோயில்களை விழுங்கியிருக்கின்றன. கிழக்குக் கரை எவ்வளவு நிலையற்றது என்பதையே இவை காட்டுகின்றன. கிழக்கில் கோயில்கள் விழுந்த பிறகும் ஊர் அழியாமல் நின்றதற்கு மேற்கே ஒதுங்கிக்கொள்ள இடமும், அலையடிக்காத நீரும் இருந்ததும் காரணம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. மாமல்லபுரத்தில் கப்பல்துறைக் கட்டுமானம் எதுவும் கிடைக்கவில்லை. வசவசமுத்திரத்தைப் போல அயல்நாட்டு ஓடுகள் குவியலாகவும் கிடைக்கவில்லை. தியோடோசியஸ் காலத்து ரோமக் காசு போன்ற சில பொருள்களை வைத்துப் பெருவணிகத்தை நிறுவ முடியாது. எனவே அது அரசர்கள் கலைக்காக அமைத்த இடம் மட்டுமே என்று சில அறிஞர்கள் வாதிடுகிறார்கள். இதற்குக் கடற்கரைக் கோயிலின் கல்வெட்டுகளே மறுமொழி தருகின்றன. முதலாம் இராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010 வாக்கில், மாமல்லபுரத்து நகரத்தார் கூடி, ஊர் நிலங்களை நான்கு சமக் கூறுகளாகப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் செய்து கல்லில் வெட்டினார்கள். நகரம் என்பது சோழர் ஆட்சியில் வணிகர் ஊரின் அவை. பிரமதேயத்துக்குச் சபை, வேளாண் ஊருக்கு ஊரார், வணிகருக்கு நகரம். பல்லவர் ஆட்சி முடிந்து ஒரு நூற்றாண்டு கடந்த பிறகும், அரண்மனையின் நிழல் இல்லாமல், வணிகர் அவை ஒன்று இங்கே முடிவெடுக்கிறது. கலைக்காக மட்டும் அமைந்த இடத்தில் வணிகர் அவைக்கு வேலை இல்லை. அந்த அவை நிலத்தைப் பங்கிடுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். பட்டினத்தார் கப்பலை மட்டும் நம்பி வாழவில்லை, வயலும் வைத்திருந்தார்கள். இதே வணிக மரபு கடலுக்கு அப்பாலும் தெரிகிறது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற பல்லவ விருதுப்பெயர் கொண்ட குளத்தை வெட்டி மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் வைத்ததைச் சொல்கிறது. அயல்மண்ணில் குளம் வெட்டிக் காவல் வைத்தவர்கள், உப்புநீர் சூழ்ந்த தங்கள் கரையில் இனிய நீரின் அருமையை அறிந்தவர்கள்.

மல்லை தளர்ந்தபோது வட்டாரம் தளரவில்லை. துறை இரு பக்கமும் பிரிந்தது. தெற்கே 14ஆம் நூற்றாண்டில் சம்புவராய அரசர் ஒருவரின் பெயர் தாங்கி இராஜநாராயணன் பட்டினம் எழுந்தது. அதுவே சதுரங்கப்பட்டினமாகி, டச்சுக்காரரின் துணி வணிகத்துக்குக் கோட்டையும் கல்லறைகளும் பெற்றது. வடக்கே கழி வாயைத் திறக்கும் இடத்தில் கோவளம். 1722இல் ஆஸ்திரியப் பேரரசரின் உரிமைப் பட்டயம் பெற்ற ஆஸ்டெண்ட் கம்பெனி அங்கே பண்டகசாலை வைத்திருந்தது. 1727இல் அந்தக் கம்பெனியே நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு ஆர்க்காட்டு நவாபின் கோட்டை, 1750இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றல், 1752இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவின் முற்றுகை, கோட்டை இடிப்பு. அரசர்களும் கம்பெனிகளும் போன பின்பும் கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவும், 1808இல் வணிகர் ஜான் டி மான்டி எழுப்பிய கார்மேல் மாதா ஆலயமும், மீனவர் கோயில்களும் அருகருகே இருக்கின்றன. பல திசையினர் வந்து இறங்கிய துறையின் மக்கள் வாழ்க்கைக்கு அதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

இரண்டு நீரையும் ஒருசேர நம்பிய வாழ்க்கை இன்னும் முடிந்துவிடவில்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கழிதான் இந்தக் குப்பங்களுக்கு மீனும் இறாலும் நண்டும் தருகிறது. பழங்குடியினரான இருளர் பெண்கள் கழியில் இறங்கி வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள். மாசிமகப் பௌர்ணமியில் பல மாவட்டத்து இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் தற்காலிகக் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே திருமணங்களை முடிக்கிறார்கள். பெருமாள் கடலாட வருவதும் அந்த நாளில்தான். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருகிறது. மாமல்லபுரத்தின் காட்சிகள் என்று அச்சிடும் பட்டியல்களில் இந்த மக்களுக்கும் கழிக்கும் இடம் கிடைக்கவேண்டும். 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை கற்கள் மட்டுமே.

இப்போது நெம்மேலியின் பெயர் குடிநீரால் பரவியிருக்கிறது. 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், 2024இல் 15 கோடி லிட்டர் நிலையமும் இங்கே இயங்கத் தொடங்கின. அடுத்து, கோவளம் உபவடிநிலத்தில் 3,010 ஏக்கரில் 1.6 டி.எம்.சி. கொள்ளளவுள்ள புதிய நீர்த்தேக்கம் 350 கோடி ரூபாயில் அமையும் என்று 2025–26 மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தது. சென்னைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு பழைய துறைமுகத்தின் கொல்லைப்புறம் முழுவதும் மண்வெட்டி இயந்திரத்துக்குப் போகுமுன், கோவளத்திலிருந்து நெம்மேலி வழியாகப் பூஞ்சேரிவரை கழியின் இரு கரைகளையும் தொல்லியல் துறை அடிக்கு அடி ஆய்வு செய்யவேண்டும். கழியின் அடிமண்ணைத் துளைத்துப் பார்த்தால் பழைய ஆழமும், தூர்ந்த காலமும், ஓடுகளும் தெரியவரும். கழியில் மீன்பிடிக்கும் குடும்பங்களின் உரிமையும் அந்த ஆய்வோடு எழுத்தில் பதிவாகவேண்டும். கரை கட்டி நீர் தேக்கிய பிறகு இவற்றில் எதையும் செய்ய முடியாது. மாநில அரசும் தொல்லியல் துறையும் இந்த வேலையை இப்போதே தொடங்கவேண்டும்.